அது போகிற பக்கம்

"கிரேன்ல தொங்கற சுமை காத்துல ஆட ஆரம்பிச்சா எப்படிங்க நிறுத்துவீங்க? அவ்வளவு உயரத்துலேருந்து கைய நீட்டிப் பிடிக்கவா முடியும்?"

கல்யாணமான புதிதில் அவள் இப்படிக் கேட்டாள். அவன் அவளுடைய தையல் மெஷினிலிருந்து நூலைச் சர்ரென்று இழுத்து, பல்லால் கடித்து அறுத்து, வண்டிச் சாவியை அதில் கட்டினான். விரலில் தொங்கவிட்டு ஆட்டியபடி அவளிடம் நீட்டினான்.

"எங்கே, நீ நிறுத்து பாப்போம்."

சாவி வலது பக்கம் போனதும் அவள் கையை இடது பக்கம் இழுத்தாள். சாவி கோபித்துக்கொண்டதுபோல இன்னும் அகலமாக வீசி வந்து அவள் மூக்கைத் தட்டியது.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "எல்லாரும் இதத்தான் பண்ணுவாங்க. போறத இழுத்துப் பிடிக்கப் பாப்பாங்க. இழுத்தா அடங்குமா? இங்க பாரு. அது எந்தப் பக்கம் போகுதோ, நானும் அந்தப் பக்கமே போறேன். போய் அதுக்கு நேர் மேல நின்னுக்கறேன். அவ்வளவுதான்."

அவன் கை ஒரு சாண் நகர்ந்தது. யாரோ அதட்டியதுபோல சாவி அப்படியே நின்றது.

"நான் கோவிச்சுக்கிட்டுப் போனாலும் இதே வித்தைதானா?"

"அதே வித்தைதான். உங்கம்மா வீட்டுக்குத்தானே போவே? பின்னாடியே வந்துடுவேன். எனக்கும் ரெண்டு வேளை நல்ல சாப்பாடு கிடைச்ச மாதிரி இருக்கும்."

அவள் அடிக்கக் கை ஓங்கினாள். அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். சிரிப்பு மெல்ல அடங்கியது.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் என்கிட்ட நீ கேக்கக்கூடாது. ஏறாதேன்னு கேக்கக்கூடாது. கீழ ஒருத்தர் வேண்டாம்னு நினைச்சுக்கிட்டு இருந்தா, அந்த நினைப்பு ஏணியில கூடவே ஏறி வந்து தோள்ல உக்காந்துக்கும்."

"நகை கேக்கலாமா?"

"தாராளமா கேளு. கிடைக்காது."

அவள் நகையும் கேட்கவில்லை, அதையும் கேட்கவில்லை. கட்டடங்கள் எழும்பும் இடங்களில் உச்சாணியில் உட்கார்ந்து கிரேன் ஓட்டுகிறவனுக்கு வாழ்க்கைப்பட்டவள், புயல் எச்சரிக்கை வந்த நாட்களில்கூட, "சாப்பாட்டு டப்பா மூடி சரியா மூடலை, சாய்க்காதீங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள். வேலை செய்யும் இடத்தில் அவனுக்குக் கழுகு என்று பெயர். கீழே நின்று அவனுக்குக் கை காட்டுகிறவன் அவளுடைய சொந்தத் தம்பி. வாயில் எப்போதும் விசில் இருப்பதால் அவன் பெயரும் விசிலாகிவிட்டது. மேலே புருஷன், கீழே தம்பி, நடுவே ஒரு கொக்கி. அவளுடைய உலகம் முழுக்க அந்த ஒரு கம்பியில்தான் தொங்கியது.

கோடை முடிகிற சமயத்தில் அந்தக் கம்பியில் தொங்கிய இரும்புத் தகடுகளின் கட்டு ஒன்று, எங்கிருந்தோ வந்த காற்றில் திரும்பிக்கொண்டது. கழுகு அது போன பக்கமே போனான். ஆனால் ஒரு நொடி தாமதமாகப் போனான். கட்டின் ஓரம் விசிலின் இடுப்பில் இடித்து அவனைச் சுவரோடு சேர்த்து அழுத்தியது.

விசில் பிழைத்துக்கொண்டான். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிறான், அவ்வளவுதான். விசாரணையில் காற்றின் மேல் பழி போட்டு முடித்தார்கள். ஆனாலும் மழைக்காலம் முடியும்போது ஒரு பரிசோதனை என்றார்கள். விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய மூடியில்லாத பீப்பாயைத் தூக்க வேண்டும், மனையைச் சுற்றிக் கொண்டுவந்து சுண்ணாம்பு வட்டத்துக்குள் இறக்க வேண்டும். வட்டத்தின் ஓரத்தில் கை காட்டும் சிக்னல்காரன் நிற்பான். தண்ணீர் தளும்பாமல் இறக்கினால் கழுகுக்குத் தன் கேபின் கூடு திரும்பக் கிடைக்கும்.

அதுவரை வீட்டில் உட்கார்ந்திருந்தான். உயரத்தில் இருந்தவனுக்கு வீட்டின் கூரை தலையில் இடித்தது. அவள் பேருந்துகளுக்கு சீட் உறை தைப்பவள். கூடத்தில் பாதியை ரெக்ஸின் சுருள்களும் பெரிய மெஷினும் அடைத்திருந்தன. மிச்சப் பாதியில் அவன் நடந்தான். ஜன்னல்வரை போவான், திரும்புவான். நடக்காத நேரத்தில் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

"மாமாவுக்குக் கை துருப்பிடிக்குதுக்கா" என்று சொல்லிக்கொண்டு ஒருநாள் விசில் ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தான். உள்ளே ஒரு முழ நீளத்தில் சின்ன ஹெலிகாப்டர். கூடவே, இரண்டு குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்த ரிமோட்.

"பாருங்க மாமா. இடது கைக்கு ஒரு லிவர், வலது கைக்கு ஒரு லிவர். அப்படியே உங்க கேபின்தான். ஒரே இடத்துல அந்தரத்துல நிறுத்திக் காட்டுங்க. இத நிறுத்திட்டீங்கன்னா பீப்பாயெல்லாம் உங்களுக்கு ஜுஜுபி."

"சின்னப் பிள்ளைங்க விளையாட்டுச் சாமான்."

"சின்னப் பிள்ளைங்க பேட்டரி தீர்றதுக்கு முன்னாடி அழுதுடும். அவ்வளவு கஷ்டமாம். கடைக்காரரே சொன்னார்."

அந்தக் கடைசி வாக்கியம் வேலை செய்தது. கழுகு பெட்டியைத் தன் பக்கம் இழுத்தான்.

காற்று அடிக்கக்கூடாது என்று மின்விசிறியை நிறுத்தினார்கள், ஜன்னலைச் சாத்தினார்கள். நாற்காலிகளைச் சுவரோரம் அடுக்கினார்கள். வெளியே மழை பெய்தாலும் உள்ளே மூவருக்கும் வேர்த்து வழிந்தது. விழுந்தாலும் குடைசாயாமல் இருக்க, மெல்லிய குச்சிகளைக் கூட்டல் குறிபோலக் கட்டி, நுனிகளில் பிளாஸ்டிக் பந்துகள் செருகி, அதை ஹெலிகாப்டரின் காலுக்கடியில் மாட்டியிருந்தார்கள். வால் அவன் பக்கம், மூக்கு எதிர்ச் சுவரைப் பார்த்து. இடது குச்சியை மெல்ல உயர்த்தினான். குளவிக்கூட்டம் கலைந்ததுபோல ஒரு சத்தம். ரெக்ஸின் தூசி எழுந்தது.

ஹெலிகாப்டர் தரையை விட்டு விரற்கடை எழும்பியது. உடனே வலது பக்கம் நழுவியது. கழுகின் வலது கையும் சட்டென்று வலது பக்கம் போனது. அது வெறிபிடித்ததுபோல வலப்பக்கமே பாய்ந்து, அவள் வெட்டி அடுக்கிய உறைகளில் முட்டி விழுந்தது.

"இது என்ன புதுத் துணியா? பஸ்ல மாட்டறதுக்கு முன்னாடியே ஹெலிகாப்டர் உக்காந்து பாக்குது!" என்றான் விசில்.

மறுபடியும் எழுப்பினான். இடது பக்கம் நழுவியது. இடது பக்கமே தள்ளினான். மெஷின் காலில் மோதியது. முன்னால் போனால் முன்னால் தள்ளினான், பின்னால் வந்தால் தன் முழங்கால்மேல் தானே ஏற்றிக்கொண்டான். இறக்கைகள் பிய்ந்தன, மாற்றினார்கள். பந்துகள் நசுங்கின. நாளுக்கு நாள் அவன் முகம் இருண்டது. விளையாட்டுச் சாமான் என்று சொன்னவன் சாப்பிடும்போதுகூட இரண்டு கட்டைவிரலையும் அசைத்துக்கொண்டே இருந்தான்.

"என் கை போயிடுச்சு" என்றான் ஒருநாள், தட்டைப் பார்த்தபடி. "இத்தனூண்டு சாமானை நிறுத்த முடியல. நீ என்ன நினைக்கறே?"

"பேட்டரி மோசமா இருக்கும்" என்றாள் அவள்.

"வேற ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

"இன்னொரு முட்டை வைக்கட்டுமா?"

அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். அவன் எதையோ எதிர்பார்த்துக் கேட்டதுபோல அவளுக்குத் தோன்றியது. கேட்க நினைத்ததைக் கேட்காமல் அவள் மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

அவன் குளிக்கப் போயிருந்த ஒரு காலையில்தான் அவள் அந்த ரிமோட்டைக் கையில் எடுத்தாள். எடுத்தது ஓரமாக வைக்கத்தான். வைக்க மனசு வரவில்லை. இடது குச்சியைத் தொட்டாள். ஹெலிகாப்டர் உதறிக்கொண்டு எழுந்தது. பயத்தில் இன்னும் உயர்த்திவிட்டாள். அதுவே நல்லதாகப் போயிற்று. தரையை ஒட்டி இருந்தவரை தான் கிளப்பிய காற்றிலேயே வழுக்கிக்கொண்டிருந்தது, முழங்கால் உயரம் வந்ததும் கொஞ்சம் நிதானப்பட்டது. பிறகு வலது பக்கம் நழுவியது. அவள் யோசிக்கவே இல்லை. கதவைத் தாண்டப் போகிற பிள்ளையை உள்ளே இழுப்பதுபோல இடது பக்கம் தட்டினாள். திரும்பி வந்தது. வந்த வேகத்தில் இடது பக்கம் தாண்டப் பார்த்தது. வலது பக்கம் ஒரு சின்னத் தட்டு. ஊசிக்கடியில் வளைந்து ஓடும் ரெக்ஸினை விரல் நுனியால் நேராக்குவதுபோலத் தொட்டுத் தொட்டு விட்டாள். நின்றது. தள்ளாடிக்கொண்டுதான் நின்றது. ஆனாலும் அந்தரத்தில் நின்றது.

இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது குளியலறை வாசலில் தலை துவட்டிய துண்டோடு கழுகு நின்றிருந்தான்.

"எப்படி?"

"தெரியலீங்க. அது போற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் தட்டினேன்."

"எதிர்ப்பக்கமா?" அவனுக்கு மூக்கு விடைத்தது. "ஆடறத எதிர்ப்பக்கம் இழுத்தா அடங்குமா? யாருக்குப் பாடம் எடுக்கறே?"

"அது கம்பியில தொங்கலியேங்க. தனியாத்தானே நிக்குது."

அவன் உள்ளே போய்விட்டான். ஆனால் அன்று மாலையே அவள் சொன்னதை முயன்று பார்த்தான். கை கேட்கவில்லை. நழுவும் பக்கமே ஓடத் துடித்தது. வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்து உலுக்கினான், திட்டினான், மறுபடியும் எழுப்பினான். மழைக்காலம் முழுக்க இதுவே நடந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கை வழிக்கு வந்தது. முதலில் விழாமல் இறக்கினான். பிறகு கூடத்துக்குள்ளேயே அலையவிட்டான். அவள் தைத்துக் கொடுத்த வட்டமான ரெக்ஸின் துண்டைத் தரையில் விரித்து, அதற்கு மேலேயே நிறுத்தப் பழகினான். அவன் முகத்தில் வெளிச்சம் வர வர, அவளுக்குத் தையல் கோணிக்கொண்டு போனது. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை.

பரிசோதனைக்கு முந்தின நாள் மாலை விசில் வந்தான். கையில் ரொட்டிப் பொட்டலம், கழுத்தில் தொங்கும் விசில்.

"நாளைக்கு நான்தான் வட்டத்தோரம் நிக்கறேன் மாமா. டெஸ்ட் வைக்கற ஆபீசர் வேற ஆளப் போடறேன்னார். கழுகுக்குக் கீழ என்னைத் தவிர எவனும் நிக்கக்கூடாதுன்னுட்டேன்."

அவள் டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒரு முறை காட்டுங்க மாமா. பாத்துட்டுப் போய் நிம்மதியாத் தூங்கறேன்."

மின்விசிறி நின்றது. ஜன்னல் சாத்தப்பட்டது. குளவிச் சத்தம் எழுந்தது. ஹெலிகாப்டர் நேராக எழுந்து, வட்டத்துக்கு மேலே முழங்கால் உயரத்தில் போய் நின்றது. உண்மையாகவே நின்றது. ஒரு பக்கம் லேசாகச் சாய நினைக்கும், நினைக்கும் முன்பே கழுகின் கட்டைவிரல் எதிர்ப்பக்கம் தொட்டுவிடும். பேட்டரி இளைக்கிற வரைக்கும் அப்படியே வைத்திருந்து, வட்டத்தின் நடுவில் பூப்போல இறக்கினான்.

விசில் தன் கழுத்து விசிலை வாயில் வைத்து ஒரு நீள ஊதல் ஊதினான். வீடே அதிர்ந்தது. "மாமா! பீப்பாய் என்ன, கப்பலையே இறக்குவீங்க!"

கழுகு வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தான். தலைகால் புரியாத சந்தோஷம். டீ டம்ளரை வாங்கி ஒரே மடக்காகக் குடித்தான். மெஷினிலிருந்து சர்ரென்று நூலை இழுத்து, பல்லால் கடித்து, வண்டிச் சாவியைக் கட்டினான். "பாரு மச்சான், உங்கக்காவைக் கட்டிக்கிட்ட புதுசுல இதக் காட்டித்தான் மயக்கினேன்."

"எங்கக்கா மயங்கினது சாவிக்கில்ல, வண்டிக்கு."

கழுகு சாவியை ஆட்டினான். வலது பக்கம் போனது. அவன் கை இடது பக்கம் நகர்ந்தது.

சாவி அகலமாக வீசியது.

அவன் சிரித்துக்கொண்டே மறுபடி பிடித்தான். சாவி இடது பக்கம் போனது, கை வலது பக்கம் போனது. சாவி இன்னும் உயரமாக எகிறி மெஷினின் இரும்புத் தலையில் டங்கென்று அடித்தது.

சிரிப்பு போன இடம் தெரியவில்லை. மூன்றாவது முறை பல்லைக் கடித்துக்கொண்டு முயன்றான். கை போய்விட்டுப் பாதியில் திரும்பியது. எந்தப் பக்கம் என்று அதற்கே தெரியவில்லை. சாவி வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தது.

இத்தனை நாள் தையலைக் கோணவைத்தது எது என்று அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது. எதிர்ப்பக்கம் தட்டச் சொல்லிக்கொடுத்தது அவள். அவன் கற்றுக்கொண்டுவிட்டான். நன்றாகவே கற்றுக்கொண்டுவிட்டான்.

"அது... விளையாட்டுக்கு அப்படித்தான் மாமா" என்றான் விசில். "கேபின்ல போய் உக்காந்தா பழைய கை தானா வந்துடும்."

"வந்துடும்" என்றான் கழுகு.

ரொட்டியை யாரும் தொடவில்லை. மழை கொஞ்சம் விட்டதும் விசில் எழுந்தான். அவள் வாசல்வரை போனாள். செருப்புக்குள் இடது காலை நுழைக்க அவன் சுவரைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தாள்.

"நாளைக்கு நீ நிக்காதேடா."

"நான் நிக்கலேன்னா என்ன அர்த்தம்கா? அடிபட்டவனே நம்பலேன்னு அங்க இருக்கறவன் ஒவ்வொருத்தனும் பேசுவான். மாமா அப்பறம் தலை நிமிர்ந்து நடப்பாரா?"

"உன் கண்ணாலதானே பாத்தே?"

"பாத்தேன்." அவன் குடையை விரிக்காமல் கையில் உருட்டினான். "பயம்தான்கா. பொய் சொல்லல. ஆனா என் வாயால அவர்கிட்ட வேண்டாம்னு சொல்ல முடியாது. சொன்னா, அன்னிக்கு நடந்ததுக்கு நான் அவரத்தான் குத்தம் சொல்றேன்னு ஆயிடும். நீ சொல்லேன்."

"நான் சொல்லக்கூடாதுடா."

"ஏன்?"

அவள் அவன் கையிலிருந்த குடையை வாங்கி விரித்துக் கொடுத்தாள். விசில் தெருவில் இறங்கி, தேங்கிய தண்ணீரை ஒதுக்கி, காலை இழுத்து இழுத்து நடந்தான். தெருமுனை திரும்பும்வரை அவள் நின்று பார்த்தாள்.

உள்ளே கழுகு அவளுடைய தையல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். ஜன்னலை அவன் திறக்கவில்லை, விசிறியையும் போடவில்லை. சாவி ஆடிக்கொண்டே இருந்தது. கை போவதும் தயங்குவதும் திரும்புவதுமாக இருந்தது.

"அன்னிக்கு ஒரு நொடி தாமதமாப் போனேன்ல" என்றான், அவளைப் பார்க்காமல். "காத்துன்னு எழுதிட்டாங்க. காத்துதான். ஆனா அந்த ஒரு நொடி நான் என்ன பண்ணேன் தெரியுமா? கீழ பாத்தேன். நிக்கறது மச்சான்னு பாத்தேன். கை அப்படியே நின்னுடுச்சு. யாருகிட்டயும் சொல்லல."

அவள் வாசல் கதவைச் சாத்தினாள்.

"நாளைக்கும் அவன்தான் நிக்கறான். நாளைக்கும் கீழ பாப்பேன்." சாவியைப் பார்த்தபடியே கேட்டான். "நீ எதுவுமே சொல்ல மாட்டியா?"

எத்தனை முறை இதையே கேட்டிருக்கிறான்! தட்டைப் பார்த்துக் கேட்டான், ஜன்னலைப் பார்த்துக் கேட்டான். பேட்டரி என்றும் முட்டை என்றும் சொல்லி அனுப்பிவிட்டாள். வாக்கைக் காப்பாற்றுகிறோம் என்ற நினைப்பில் மனுஷனைத் தனியாக ஊஞ்சலில் ஆடவிட்டிருக்கிறாள்.

"இந்தா. நீயே நிறுத்து" என்று நூலை நீட்டினான்.

அவள் நூலை வாங்கவில்லை. அவன் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, நூல் பிடித்திருந்த அவன் மணிக்கட்டைப் பற்றினாள். வேர்வையில் அது சில்லிட்டிருந்தது. சாவி வலது பக்கம் போனது. அவள் இழுக்கவில்லை. அவன் கையையும் வலது பக்கமே நடத்திக்கொண்டு போனாள். ஒரு சாண் தூரம் போய் நின்றாள். சாவி ஒருமுறை துள்ளிவிட்டு அடங்கியது.

"நாளைக்கு நானும் உங்ககூட வரேன்" என்றாள்.

"எதுக்கு? பீப்பாய் தூக்கறத வேடிக்கை பாக்கவா?"

"இல்ல. ஆபீசர் ரூம் வரைக்கும். ஏணிக்கு முன்னாடி அந்த ரூம்தானே வரும்?"

"ஆமா."

"நீங்க உள்ள போய் அவர்கிட்ட சொல்லும்போது ஒரு பக்கம் நான் நிப்பேன். இன்னொரு பக்கம் தம்பி நிப்பான். தலை நிமிர்ந்தே சொல்லலாம்."

"என்ன சொல்லும்போது?"

கேட்டுவிட்டு அவன் முதன்முறையாக அவள் முகத்தைப் பார்த்தான். அவள் எத்தனையோ விதமாக அதை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். புயல் நாட்களில் ஒரு விதம், ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பிக்காக உட்கார்ந்திருந்தபோது ஒரு விதம், மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று வாய்க்குள்ளேயே ஒரு விதம். காரணங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. இப்போது ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"கேக்கக்கூடாதுன்னு சொன்னீங்க. இத்தனை வருஷம் கேக்கல" என்றாள். பிடித்த மணிக்கட்டை அவள் விடவில்லை. "ஏறாதீங்க."